நிம்பவ்வா நினைவு வடிகால்

பக்கீரவ்வாவைப் பார்க்கிற யாருக்கும் அவளுக்கு அப்போதுதான் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று தோன்றும். முக அமைப்பு அப்படி. வீட்டுக்காரன் வாடகை கேட்டுக் கத்திவிட்டுப் போன மறுநிமிஷம்கூட அவள் முகம் வளைகாப்பிலிருந்து திரும்பியவள் முகம் மாதிரி இருக்கும். இதனால் சிறுவயதில் நிறைய அடி வாங்கியிருக்கிறாள். அவள் அப்பா செத்த அன்று, துக்கத்துக்கு வந்தவர்கள் அவளைத்தான் முதலில் முறைத்தார்கள்.

வாழ்க்கையில் அவளுக்கு உண்மையில் கிடைத்தது சன்னவீரப்பா என்ற, அதிகம் பேசாத புருஷனும், ஹிரேபாவி நகராட்சி ஆபீசுக்குப் பின்னால் ஒரு அறை வீடும், சோள ரொட்டி தட்டும் கையும்தான். சன்னவீரப்பா எண்ணெய் மில்லில் மூட்டை தூக்கினான். அவள் விடியும் முன்னால் தட்ட ஆரம்பித்தால் பத்து மணிக்குள் மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு ரொட்டி போய்விடும். மிச்சம் நகராட்சி ஆபீசுக்கு. மத்தியானம் அங்கே குமாஸ்தா முதல் என்ஜினீயர் வரை, அவள் ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் இல்லாமல் கோப்பைத் திறக்க மாட்டார்கள்.

ஹிரேபாவி சுற்றியிருந்த கிராமங்களை ஒவ்வொன்றாக விழுங்கி மாநகராட்சி ஆனபோது, ஆண்டுதோறும் முன்னேற்றப் புத்தகம் ஒன்று போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வந்தது. வழவழப்பான தாளில், படங்களோடு. அந்த வேலை கட்டிமனி சாஹேப் தலையில் விழுந்தது. அவர் இருபது வருஷம் பிறப்பு இறப்புப் பதிவில் உட்கார்ந்திருந்தவர். நல்ல மனுஷர். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. முன்னேற்றம் என்றால் எப்படி இருக்கும் என்றும் தெரியாது.

படம் எடுக்க ராஜேசாப் வந்தான். கல்யாண வீடுகளுக்குப் போகிற போட்டோக்காரன். முதலில் கும்பாரத் தெருவில் ஒரு பெண்ணைக் குழாய் பக்கத்தில் நிறுத்தி எடுத்தான். கமிஷனர் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தம்மாவுக்கு நாம குழாய் கொடுத்தோமா, இல்ல இருந்ததைப் பிடுங்கினோமா?" என்று கேட்டார். அடுத்து எடுத்த கிழவி, கேமராவைப் பார்த்ததும் அழுதாள். பசியோடு திரும்பி வந்த ராஜேசாப், ரொட்டி வாங்கக் கொல்லைப்பக்கம் போனான். மாவுக் கையோடு பக்கீரவ்வா நிமிர்ந்து பார்த்தாள். அவன் சாப்பாட்டை மறந்துவிட்டான்.

கமிஷனர் வீட்டுத் தோட்டத்துக் குழாயைக் கழற்றி எடுத்து வந்தார்கள். சுவரோடு சேர்த்து அவளே பிடித்துக்கொள்ள வேண்டும்.

"இதுல தண்ணி வரலியே," என்றாள்.

"போட்டோல ஈரம் தெரியாது தாயி," என்றார் கட்டிமனி. "நீ பாட்டுக்கு நில்லு. சிரிக்கக்கூட வேண்டாம்."

எடுத்து முடித்ததும் அவள், "இதை இங்கயே விட்டுட்டுப் போங்களேன். எப்பவாவது தண்ணி விட்டா உதவும்," என்றாள்.

"ரோஜாச்செடி காஞ்சிடும், தாயி."

குழாய் போய்விட்டது. படம் வந்தது. 'வீட்டுக்கு வீடு குடிநீர்: பயனாளி பக்கீரவ்வா.' கமிஷனர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்து, "இப்படி ஒரு ஊர் நம்ம ஊர்னு நம்பவே முடியலய்யா," என்றாராம்.

அடுத்த வருஷம் பாதாளச் சாக்கடை. அதற்கடுத்து தெருவிளக்கு. அதற்கும் அடுத்த வருஷம் கம்ப்யூட்டரில் வரி கட்டுகிற வசதி. எல்லாவற்றுக்கும் பக்கீரவ்வாதான் நின்றாள். ஒரே பெண்ணுக்கே எல்லாம் போகிறது என்று தணிக்கையில் கேள்வி வரும் என்று பயந்து, கட்டிமனி ஒவ்வொரு வருஷமும் ஒரு பெயர் வைத்தார். சாக்கடைக்குக் கும்பாரத் தெரு நிம்பவ்வா. விளக்குக்கு மேலோணித் தெரு ருத்ரவ்வா. கம்ப்யூட்டருக்குப் பழைய சந்தைப்பேட்டை சாவந்த்ரவ்வா. புடவையை மட்டும் ராஜேசாப் தன் பெண்டாட்டியிடமிருந்து வாங்கி வந்து மாற்றிக் கட்டச் சொன்னான்.

இப்படியே போயிருக்கும். ஆனால் வளரும் நகரங்களுக்கு விருது கொடுக்கிற டெல்லிக் குழு ஒன்று ஹிரேபாவியின் நாலு புத்தகங்களையும் படித்துவிட்டது. குழுவின் தலைவி போரா அம்மா, அஸ்ஸாம்காரி. நெடுநெடுவென்று உயரம், பரம சாது. புத்தகத்தில் இருக்கும் நாலு பெண்களையும் அவரவர் வீட்டிலேயே பார்த்துப் பேச வேண்டும் என்றார்.

கட்டிமனி காலையிலேயே கொல்லைப்பக்கம் வந்து ரொட்டிக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

"பக்கீரவ்வா, இன்னிக்கு நீ நாலு பேரு."

"ரொட்டி யாரு தட்டறது?"

"அதுக்கு வேற ஆள் போட்டுக்கலாம். உனக்குப் பதிலா நிக்கிறதுக்குத்தான் ஊர்ல ஆள் இல்லை."

சன்னவீரப்பா மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். "சாயந்திரம் எத்தனை பேரு திரும்பி வருவீங்க?" என்று மட்டும் கேட்டான்.

முதலில் அவள் வீடு. அதே குழாய் சுவரில் பதிந்திருந்தது. கூரைமேல் ஒரு டிரம்மும், டிரம்முக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்த வாட்டர் வொர்க்ஸ் ஆள் ஒருவனும். போரா அம்மா திறந்தார், தண்ணீர் வந்தது. அவர் அதை உள்ளங்கையில் பிடித்து முகத்தில் ஒற்றிக்கொண்டார். டீ, விசாரிப்பு எல்லாம் முடிந்து கார்கள் பெரிய வீதி வழியாக நகர்ந்தன. ராஜேசாப்பின் ஸ்கூட்டர் பக்கீரவ்வாவோடு சந்து வழியாகப் பறந்தது. அவள் பின்சீட்டில் உட்கார்ந்தபடியே புடவைக்கு மேல் புடவை சுற்றிக்கொண்டாள்.

கும்பாரத் தெருவில் பள்ளிக்கூடப் பியூன் ஒருவரின் வீட்டை ஏற்பாடு செய்திருந்தார்கள். பியூன் மனைவி ஷரணவ்வா, தன் வாசலில் வேறொருத்தி வீட்டுக்காரியாக நிற்பதை இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். சாக்கடைக்குப் பதில் ஒரு இரும்பு மூடியை மண்மேல் வைத்துச் சுற்றிக் கோலம் போட்டிருந்தது.

போரா அம்மா உள்ளே வந்தார். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவங்க முதல்ல பார்த்தவங்க மாதிரியே..."

மொழிபெயர்க்க வேண்டிய கட்டிமனி கோலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பார்வையிலேயே புரிந்துகொண்டு பக்கீரவ்வாதான் சொன்னாள்: "அவ என் அக்கா."

ருத்ரவ்வா வீட்டில் அவர் கேட்கவே இல்லை. "நீங்க மூணாவது பொண்ணா?" என்று தானே கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார். சந்தைப்பேட்டைக்கு வரும்போது அந்த அம்மாவுக்கு நகர முன்னேற்றம் எல்லாம் மறந்து போய்விட்டது. ஒரே வயிற்றில் பிறந்த நாலு பேர், நாலு தெருவில் வாக்கப்பட்டு, நாலு பேருமே மாநகராட்சியால் நல்லா இருக்கிறார்கள். சாவந்த்ரவ்வா கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பெரியக்கா எவ்வளவு அருமையானவங்க," என்றார்.

பக்கீரவ்வாவுக்கு அதற்குள் களைப்பு. நாலு புடவை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. "அவளா," என்றாள். "வாய் ரொம்ப ஜாஸ்தி. ஊர்ல எல்லாம் தனக்குத்தான் முதல்ல கிடைக்கணும்னு நிப்பா."

கட்டிமனி அதை மொழிபெயர்த்தபோது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. போரா அம்மா முகம் வாடிவிட்டது. நாலு பேரையும் சேர்த்து நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தேன் என்றார்.

"பேச்சுவார்த்தை இல்லீங்க," என்று கட்டிமனி தாவிப் பிடித்தார். "அப்பாவோட நிலத் தகராறு. ஒருத்தி வாசப்படி ஒருத்தி மிதிக்க மாட்டா."

விருது ஹிரேபாவிக்கே கிடைத்தது. கூடவே கடிதம் வந்தது. விருதை மேடையில் நாலு சகோதரிகளும் கைகோத்து வாங்கிக்கொள்ள வேண்டும், அவர்களைச் சேர்த்து வைப்பது தன் பொறுப்பு என்று போரா அம்மா கைப்பட எழுதியிருந்தார்.

கட்டிமனி, ராஜேசாப், பக்கீரவ்வா மூவரும் கொல்லைப்பக்கம் உட்கார்ந்து யோசித்தார்கள். ராஜேசாப், ஒருத்திக்குப் பிரசவம் என்று சொல்லலாம் என்றான். அந்த வயதுக்குப் பிரசவம் என்றால் அதற்கே தனி விருது கொடுப்பார்கள் என்றார் கட்டிமனி. கடைசியில் அவர் தனக்குத் தெரிந்த தொழிலுக்கே திரும்பினார்.

"ஒருத்தி செத்துடட்டும். துக்க வீடு. மத்த மூணு பேரும் பிரயாணம் பண்ணக் கூடாது. எல்லாம் முடிஞ்சிடும்."

"யாரு?" என்றாள் பக்கீரவ்வா.

"நிம்பவ்வா."

"அவ என்ன பண்ணினா உங்களை? ஒரு வார்த்தை பேசினாளா? வந்தவங்களுக்கு டீ கொடுத்தா, அக்கான்னு சொன்னா. அவ்வளவுதான்."

"அதுக்கில்ல தாயி. கும்பாரத் தெருவுல சாக்கடை இல்லை. அவ இருக்கிற வரைக்கும் யாராவது காட்டுன்னு வருவாங்க."

அன்றைக்கு ரொட்டி எல்லாம் ஒரு பக்கம் தடித்துப் போயிற்று. ஆபீசில் யாரோ கேட்டதற்கு, "வீட்ல ஒரு சாவு," என்றாளாம்.

துக்கச் செய்தி டெல்லிக்குப் போனது. பதிலுக்குப் போரா அம்மாவே வந்துவிட்டார். சகோதரிகள் பேசாமலே ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாளே, நாம் இன்னும் கொஞ்சம் முயன்றிருக்கலாமே என்று அந்த அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். டெல்லிக்காரி துக்கத்துக்கு வருகிறாள் என்றதும் மேயருக்கும் துக்கம் வந்துவிட்டது. பியூன் வீட்டு வாசலில் பந்தல் போட்டு இரங்கல் கூட்டம் ஏற்பாடாயிற்று.

சாக்கடைப் படத்தைப் பெரிதாக்கி, சாமந்தி மாலை போட்டு நாற்காலியில் வைத்திருந்தார்கள். கீழே ஜமக்காளத்தில் பக்கீரவ்வா நடுவில். இரண்டு பக்கமும் முகம் மூட முக்காடு போட்ட இரண்டு பெண்கள், ருத்ரவ்வாவும் சாவந்த்ரவ்வாவும். அவர்கள் மாநகராட்சித் துப்புரவுப் பிரிவிலிருந்து வந்தவர்கள், சம்பளத்தோடு கூடிய வேலை நேரம்தான். ஒருத்திக்குக் குறட்டை வந்துகொண்டிருந்தது. அதை விம்மல் என்று எடுத்துக்கொண்டார்கள்.

சன்னவீரப்பா குளித்து வெள்ளை வேட்டி கட்டி வந்தான். மாலை போட்ட படத்தைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். குனிந்து அவள் காதோடு, "நான் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடறது?" என்றான்.

"அந்தப் பக்கம்தான். நான் உன் கொழுந்தியா சாவுக்கு வந்திருக்கேன்."

அவன் படத்துக்கு முன்னால் போய் நின்று கைகூப்பினான். வெகுநேரம் அங்கேயே நின்றான். யாரோ கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்கார வைத்தார்கள்.

பிறகு தெருக்காரர்கள் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். கட்டிமனி இரண்டு பேருக்குத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனால் ஆறேழு பேர் எழுந்தார்கள். பிரசவத்துக்கு நிம்பவ்வாதான் துணைக்கு இருந்தாள் என்றாள் ஒருத்தி. என் மாமனார் படுக்கையில் கிடந்தபோது தினம் மோர் கொண்டுவந்தாள் என்றார் இன்னொருவர். ஒரு கிழவர், அவளுக்கு ஆறு மாசமாகவே இருமல் இருந்தது, நான்தான் கசாயம் சொன்னேன், கேட்கவில்லை என்றார். கட்டிமனி அவரைத் தனியாகக் கூப்பிட்டு, யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். நாற்காலியில் இருக்கிறாளே அவளைத்தான் என்றார் கிழவர்.

பக்கீரவ்வா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூடப் பிறந்தவர்கள் அவளுக்கு யாரும் கிடையாது. மோர் விஷயம் வந்தபோது கண் நிறைந்துவிட்டது. கசாயம் வந்தபோது அடக்க முடியவில்லை. அழுதாள். அவள் முகம் மட்டும் எப்போதும் போலவே இருந்ததால், சந்தோஷத்தில் அழுகிறாளா என்று போரா அம்மாவுக்கு ஒரு கணம் குழப்பம் வந்தது. பிறகு எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டு அவரும் அழுதார்.

அப்போது ஷரணவ்வா மைக்கைப் பிடித்தாள். அவள் வாசலில் போட்ட பந்தலுக்கும் வீட்டுக்குள் வந்து போன செருப்புக்கும் அவளுக்குச் சேர வேண்டிய பாக்கி ஏதோ இருந்தது போலும்.

"நிம்பவ்வா என் வீட்லதான் இருந்தா," என்றாள். "என் கண்ணு முன்னாடிதான் போனா. கடைசியா என்ன சொன்னா தெரியுமா? 'சாக்கடை'ன்னு சொன்னா."

கட்டிமனி மொழிபெயர்த்ததும் போரா அம்மா அவர் பக்கம் திரும்பினார். "கடைசி ஆசையைச் சொல்றாங்களா?"

கட்டிமனிக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. தலையை ஆட்டினார்.

மேயர் துள்ளி எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நம் நிம்பவ்வாவின் கடைசி ஆசையை இந்த மாநகராட்சி நிறைவேற்றும், இதே தெருவில் அவள் பெயரால் வடிகால் கட்டப்படும் என்றார். கைதட்டலில் முக்காட்டுக்காரி விழித்துக்கொண்டாள்.

டெல்லி அம்மா எதிரில் மேயர் கொடுத்த வார்த்தை, கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் கும்பாரத் தெருவில் சாக்கடை ஏற்கெனவே புத்தகத்தில் இருந்தது. இருக்கிற சாக்கடையை மறுபடி கட்ட விதி கிடையாது. என்ஜினீயர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கட்டிமனிதான் வழி கண்டுபிடித்தார். நினைவுச் சின்னம் என்றால் சிலைக் கணக்கில் கட்டலாம்.

சிலைக் கணக்கில் வருவதற்குச் சிலைக்கு உண்டான விதி எல்லாம் உண்டு. அதனால் கும்பாரத் தெருச் சாக்கடையின் இரு கரையும் பளபளக்கும் கருங்கல். சுற்றிலும் சங்கிலி வேலி. காக்கை எச்சமிடாமல் இருக்கத் தெரு முழுக்க, சாக்கடைக்கு மேலே வரிசையாகச் சிமெண்டுக் குடைகள். திறப்பு விழாவில் மேயர் கயிற்றை இழுத்ததும் பட்டுத் திரை விலகி, சாக்கடை தெரிந்தது. மாலை போட எங்கே கழுத்து என்று கொஞ்சம் தேடினார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த வருஷ மழையில் ஊர் முழுக்க முழங்கால் தண்ணீர் நின்றபோது, கும்பாரத் தெருவில் மட்டும் செருப்பு நனையவில்லை.

அந்த மழை விட்ட கையோடு மேலோணியிலிருந்து நாலைந்து பெண்கள் பக்கீரவ்வாவைப் பார்க்க வந்தார்கள். வெற்றிலை பாக்கு கொண்டுவந்திருந்தார்கள்.

"அக்கா, ருத்ரவ்வாவுக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கா."

"வயசாகுது இல்ல?"

"என்னைவிடச் சின்னவ."

"சாவு சின்னவ பெரியவன்னா பார்க்குது?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி நேராகவே வந்தாள்: "எங்க தெரு இருட்டா இருக்குக்கா. போன வாரம் என் நாத்தனார் மாட்டு மேல விழுந்துட்டா. ருத்ரவ்வா கொஞ்சம் மனசு வெச்சா விளக்கு வந்துடும்."

பக்கீரவ்வா அவர்களை விரட்டிவிட்டாள். வெற்றிலையைத் திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் வேறு பெண்கள் வந்தார்கள். அந்த நாத்தனாரும் நொண்டி நொண்டி நடந்து வந்து, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பக்கீரவ்வாவே கட்டிமனியைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"ருத்ரவ்வாவை விட்டுக் கொடுத்துடறேன். ஆனா ஆஸ்பத்திரி அது இதுன்னு அலைய விடக் கூடாது. தூக்கத்துல போகணும்."

"அப்படியே ஆகட்டும் தாயி."

"சாவந்த்ரவ்வா பக்கம் யாரும் வரக் கூடாது. எனக்குன்னு ஒருத்தி வேணும்."

சாவந்த்ரவ்வா புருஷனோடு சோலாப்பூருக்குக் குடிபோய்விட்டதாக எழுதிக்கொண்டார்கள். சந்தைப்பேட்டைக்காரர்களுக்கு இதில் இன்றுவரை கோபம். மேலோணியில் விளக்கு வந்தது, ஒவ்வொரு கம்பத்துக்கும் குடையோடு.

பிறகு அவள் தெருக்காரர்களே அவளைப் பார்க்கிற பார்வை மாறியது. புத்தகத்தில் அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து பல வருஷம் ஆகியிருந்தது. உண்மையில் லாரி வந்தால்தான் உண்டு. லாரி வரிசையில் குடத்தோடு நிற்கும்போது முன்னால் இருப்பவர்கள் திரும்பி, சாப்பிட்டாயா, தலைசுற்றல் உண்டா என்று கரிசனமாக விசாரிப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் வாசலில் வந்து உட்கார்ந்து, "நிஜமாவா கேக்கறோம்? பேருக்குத்தானே," என்றாள். "செத்தா உனக்கும்தானே தண்ணி வரும்."

பக்கீரவ்வா வாயைத் திறப்பதற்குள் உள்ளே இருந்து சன்னவீரப்பா எழுந்து வந்தான். வாசலில் இருந்த இரண்டு குடத்தையும் எடுத்துத் தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என்று வைத்துக்கொண்டான்.

"தண்ணி நான் கொண்டு வர்றேன்," என்றான் அந்தப் பெண்ணிடம். "உங்க வீட்டுக்கும் வேணும்னா சொல்லுங்க."

மில்லில் மூட்டை தூக்கியவன் என்பதால் அவனுக்கு அது பெரிய வேலை இல்லை. கும்பாரத் தெருவுக்கு அப்பால் உள்ள கிணற்றிலிருந்து தினமும் கொண்டுவருகிறான். தெருவில் சிலர் இன்னும் அவளோடு சரியாகப் பேசுவதில்லை. உயிரோடு இருப்பதே அவளுக்குத் திமிர் என்று ஒரு பேச்சு இருக்கிறது. கட்டிமனி ஓய்வுபெற்றுவிட்டார். புதிதாக வந்தவர் படங்களுக்கு வெளியூரிலிருந்து ஒரு நடிகையைக் கூட்டிவருகிறார். அவள் சிரிக்கிறாள், ஆனால் ஏதோ விற்கிறவள் மாதிரி இருக்கிறது என்று ஊரில் அபிப்பிராயம்.

வருஷா வருஷம் நிம்பவ்வா திதிக்குப் பக்கீரவ்வா சோள ரொட்டியும் கத்தரிக்காயும் செய்து கும்பாரத் தெருவுக்கு எடுத்துப் போகிறாள். குடைகளுக்குக் கீழே கருங்கல்லில் உட்கார்ந்து ஷரணவ்வாவும் அவளும் சாப்பிடுவார்கள். போன தடவை ஷரணவ்வா பூண்டுச் சட்னி அரைத்து வைத்திருந்தாள்.

"நிம்பவ்வாவுக்கு இந்தச் சட்னின்னா உயிர்," என்றாள்.

"என் தங்கச்சிக்குப் பூண்டு ஆகாது," என்றாள் பக்கீரவ்வா.

"உனக்கென்ன தெரியும்? இருந்த வரைக்கும் நீ ஒரு தடவை எட்டிப் பார்த்தியா? பேச்சுவார்த்தைகூட இல்லை."

பக்கீரவ்வா சட்னிக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு ரொட்டியைப் பிட்டு, சட்னியைத் தொட்டு, "அது நிலத் தகராறு," என்றாள்.